பெண்கள் வேலைக்குப் போவதால்தான் வீட்டுச் சமையல் கெட்டுப்போனதா?

பெண்கள் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் வீட்டுச் சமையல் குறைந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை.

நான் குன்னூர் பக்கம் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் வளர்ந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அம்மாச்சியும் அதே வேலைதான், மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது, அங்கேயும் அம்மாச்சிக்குத் தேயிலைக் காடுதான். வேலைக்குப் போகாத பெண்ணை எங்கள் லைனில் நான் பார்த்ததே இல்லை. அதற்காக யார் வீட்டிலும் சோறு பொங்காமல் இருந்ததா?

அம்மா விடியற்காலை நாலரைக்கு எழுந்திருப்பார். மழை மாதங்களில் விறகெல்லாம் ஈரம், ஊதி ஊதியே கண் சிவந்துவிடும். எங்கள் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பும் மொச்சையும் லேசில் வேகாது, குக்கர் வாங்குவதற்கு முன்பு முதல் நாள் இரவே ஊறப்போட்டு வைப்பார். அப்புறம் பகலெல்லாம் கொழுந்து, சாயங்காலம் எடை போட்டுவிட்டு வந்து, தேயிலைக் கறை படிந்த அதே விரல்களால் மறுபடி வெங்காயம் உரிப்பார். அப்பாவுக்கும் எஸ்டேட் வேலைதான், ஆனால் வந்ததும் கை கால் கழுவி உட்கார்ந்துவிடுவார். கெட்ட மனுஷர் இல்லை, அடுப்படியில் தனக்கும் வேலை இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். செய்தவர்களும் சராசரியாக 97 நிமிடம், பெண்களோ 299 நிமிடம். கேஸ் வந்தது, குக்கர் வந்தது, மிக்சி வந்தது, அடுப்பு முன்னால் நிற்கிற ஆள் மட்டும் மாறவில்லை. அதனால் சமையல் குறைந்துவிட்டது என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், நீங்கள் ஏன் சமைக்கவில்லை?

என் கணவர் மலைக்குக் கீழே இருக்கிற மேட்டுப்பாளையத்துக்காரர். கல்யாணத்துக்கு முன்பே பேசிக்கொண்டோம், ராத்திரிச் சமையல் அவருடையது. அம்மா முதல்முறை வந்தபோது, "மாப்பிள்ளை அடுப்படியில நிக்கிறதா" என்று பதறிப்போய் கரண்டியை வாங்கப் போனார். "நீங்க உட்காருங்க அத்தை, இன்னைக்கு என் முறை" என்றார் இவர். அம்மாவுக்கு உட்காரவே தெரியவில்லை, முந்தானையைத் திருகிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். கடைசியில் தட்டில் சோறு போட்டு, சாம்பார் ஊற்றிக் கொடுத்ததும் பேசாமல் சாப்பிட்டார், இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கை கழுவப் போகும்போது இவரைக் கூப்பிட்டு, "இங்க கீழ மாதிரி மூணு விசில் பத்தாது மாப்பிள்ளை, பருப்புக்கு இன்னும் ரெண்டு விடுங்க" என்றார்.