ஏற்காட்டில் வாங்கிய செடி சேலத்தில் ஏன் மஞ்சளாகிறது?

கேள்வி: மார்ச்சில் ஏற்காடு போனபோது அங்கே ஒரு நர்சரியில் ஆந்தூரியம், பாஸ்டன் ஃபெர்ன், மணி பிளான்ட் மூன்றும் வாங்கி வந்தேன். அஸ்தம்பட்டியில் முதல் மாடி வீடு. இப்போது ஆந்தூரியத்தின் புது இலைகள் வெளிறி வருகின்றன, பழைய இலைகளின் நுனி கருகுகிறது. ஃபெர்ன் பாதி உதிர்ந்துவிட்டது. மணி பிளான்ட்டில் அடி இலைகள் மஞ்சளாகி விழுகின்றன; மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடுகிறது. தினமும் காலையில் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். சத்துக் குறைவோ என்று கடலைப் புண்ணாக்குக் கரைசலும் விட்டேன். எப்சம் உப்பு போடச் சொல்கிறார்கள். போடலாமா? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: எப்சம் உப்பு வேண்டாம். புண்ணாக்குக் கரைசலையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் செடிகள் பட்டினி கிடக்கவில்லை. மூன்றுக்கும் மூன்று விதமான தொல்லை என்றாலும், எல்லாவற்றுக்கும் ஆரம்பம் தண்ணீர்தான். எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்பது ஒன்று, எந்தத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள் என்பது இன்னொன்று.

முதலில் மணி பிளான்ட், அதுதான் அவசரம். மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி போதும், வேர் அழுகல் என்று சொல்லிவிடலாம். மண்ணில் எப்போதும் தண்ணீர் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது. காற்றில்லாத வேர் செத்துப் போகும். செத்த வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் ஈரத்துக்கு நடுவிலேயே இலை தொங்கும். தாகம் என்று நினைத்து நாம் இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். வீட்டுக்குள் வைக்கும் செடிகள் பெரும்பாலும் சாவது இப்படித்தான்.

தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகிக் கொழகொழவென்று இருக்கும். விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று வர, உள்ளே நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். சாக்கடை வாடையும் அடிக்கலாம். அழுகியதை எல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டி எறியுங்கள், தயங்க வேண்டாம். செம்மண், மக்கிய தொழு உரம், கோகோபீட் (தென்னைநார்த் தூள்) மூன்றையும் சம அளவில் கலந்து, கூடவே ஒரு கைப்பிடி பெர்லைட்டோ (மண்ணைப் பொலபொலப்பாக்கும் வெள்ளைத் துகள்) கழுவிய பருமணலோ சேர்த்து மறுபடி நடுங்கள். மிஞ்சிய வேருக்குத் தகுந்த சின்னத் தொட்டி போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் காயாமல் கிடந்து மறுபடி அழுகலைக் கொண்டுவரும். உரக்கடையில் டிரைக்கோடெர்மா விரிடி பொடி (வேரை அழுகவைக்கும் பூஞ்சைகளை அடக்கும் நல்ல பூஞ்சை) கிடைக்கும், மண்ணில் கொஞ்சம் கலந்துவிடுங்கள். ஒரு மாதத்துக்கு எந்த உரமும் வேண்டாம். வேர் எதுவும் தேறவில்லை என்றாலும் கவலையில்லை, கணுவோடு தண்டை வெட்டித் தண்ணீரில் போட்டால் புது வேர் விடும்.

இனி கிழமை பார்த்தோ மணி பார்த்தோ ஊற்றாதீர்கள். விரலை இரண்டு கணு அளவு மண்ணுக்குள் விடுங்கள். அங்கே ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. ஊற்றும் நாளில் அடியில் வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

அடுத்தது ஆந்தூரியம். இதில் எந்த இலை, இலையில் எந்த இடம் என்று பார்க்க வேண்டும். புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா? அப்படியானால் அது இரும்புச்சத்துக் குறை. எப்சம் உப்பு தருவது மக்னீசியம். அது குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடி இலைகள்தான். மக்னீசியத்தைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துவிடும், இரும்பை அப்படி நகர்த்த முடியாது. அதனால்தான் எப்சம் உப்பு இங்கே உதவாது என்கிறேன்.

உங்கள் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செடியால் அதை எடுக்க முடியவில்லை. நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படிகிறதே அந்த வெள்ளை, அதேதான் தொட்டியிலும் சேர்கிறது. கால்சியம், மக்னீசியம் கார்பனேட்டுகள் சேரச் சேர மண்ணின் காரத்தன்மை ஏறும். ஏறினால் இரும்பு கரையாமல் அடங்கிவிடும். தொட்டி விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெள்ளைப் பொருக்கு இருந்தால் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. பழைய இலைகளின் நுனி கருகுவதற்கும் இந்த உப்புத்தான் முதல் காரணம். அதன்மேல் புண்ணாக்குக் கரைசலும் ஊற்றியிருக்கிறீர்கள், சேலத்து வறண்ட காற்றும் சேர்ந்துகொள்கிறது.

தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று நான்கு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் முழுக்க வடியவிடுங்கள். படிந்த உப்பு கரைந்து இறங்கும். கோடையில் மாதம் ஒருமுறை இதைச் செய்யலாம். கூடவே கீலேட் வடிவ (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும்படி பிணைத்த) இரும்புச்சத்து வாங்கி, பாக்கெட்டில் உள்ள அளவின்படி கரைத்து, சாயங்காலம் இலைமேல் தெளியுங்கள். காரமான மண்ணில் ஊற்றினால் அதுவும் வீணாகலாம். வெளிறிய இலை முழுதாகப் பச்சையாகாமல் போகலாம், கருகிய நுனி திரும்பவே திரும்பாது. அடுத்து வரும் இலையைப் பார்த்துத்தான் தேறியதா என்று முடிவு செய்ய வேண்டும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்பீர்கள். வீட்டுக்கு மேட்டூர் காவிரித் தண்ணீர் வருகிறது என்றால் அதை முதல்நாளே பிடித்து வைத்து ஊற்றுங்கள். மழைத் தண்ணீரைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு அநேகமாக இராது, பக்கெட் வைத்துப் பிடியுங்கள். ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து வேண்டாம், வடிகட்டிய உப்பெல்லாம் செறிந்து இருப்பது அதில்தான். வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஏப்ரல், மே மதியத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் கையே வைக்க முடியாத சூட்டில் வரும். காலையிலேயே ஊற்றிவிடுங்கள்.

ஃபெர்ன் விஷயத்தில் உங்களுக்கு நம்பிக்கை ஊட்டத் தயக்கமாக இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டர்கூட இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த செடிக்கு வெயிலும் புதிது, காற்றின் வறட்சியும் புதிது. நிறம் மாறாமல் சருகாக உதிர்கிறது என்றால், முதலில் வேர்ப்பந்தைத் தொட்டுப் பாருங்கள். நர்சரிப் பையில் பெரும்பாலும் கோகோபீட்தான் இருக்கும். அது ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால், ஊற்றும் தண்ணீர் ஓரமாகவே வழிந்து ஓடிவிடும், நடுவில் சொட்டுகூட இறங்காது. தொட்டியோடு பக்கெட் தண்ணீரில் அரைமணி நேரம் அமுக்கி வைத்து எடுங்கள். அப்புறம் காய்ந்த மட்டைகளை அடியோடு வெட்டிவிட்டு, வெளிச்சமும் ஜன்னலும் உள்ள குளியலறையில் வையுங்கள். மேற்குச் சுவர் ஓரம் வேண்டாம், அது ராத்திரிவரை சூட்டைக் கக்கும். நடுவிலிருந்து சுருண்ட குருத்து வந்தால் பிழைத்துவிட்டது. ஸ்பிரே பாட்டிலில் உப்புத் தண்ணீர் அடித்தால் இலையில் வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும்.

மூன்று செடிகளிலும் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். ஊசி குத்தியதுபோல வெளிர்ப் புள்ளிகளும் மெல்லிய வலையும் இருந்தால் சிலந்திப்பேன், வறண்ட கோடையில் பல்கும். இலைக்காம்பு இடுக்கில் பஞ்சு ஒட்டியதுபோல இருந்தால் மாவுப்பூச்சி. பேன் என்றால் முதலில் இலையடியைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். மாவுப்பூச்சியைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தெடுங்கள். இரண்டுக்கும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு கலந்து, சாயங்காலத்தில் வாரம் ஒருமுறை மூன்று நான்கு வாரம் தெளிக்க வேண்டும். முதல் தெளிப்பில் முட்டைகள் தப்பிவிடும்.

அடுத்தமுறை ஏற்காடு போனால் ஹைட்ராஞ்சியா, ஃபியூஷியா இரண்டையும் அங்கேயே ரசித்துவிட்டு வாருங்கள், சேலத்துக் கோடையில் அவற்றைக் காப்பாற்றுவது பெரும்பாடு. அக்லோனிமா, சிங்கோனியம் நம் ஊர் வீட்டுக்குள் நன்றாக வரும். வாங்கி வந்ததும் உடனே தொட்டி மாற்றாமல், இரண்டு வாரம் நிழலில் அப்படியே விட்டுவிட்டு அப்புறம் மாற்றுங்கள்.