பரண் மேல் ஐந்து பேர்

கேள்வி: அக்கா, எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. தஞ்சாவூரில் மாமனார், மாமியாருடன் இருக்கிறோம். இப்போது நான்காவது மாதம். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வந்த ஒரு பூனைக்கு என் கணவர் தயிர்சாதம் வைத்தார். அது அப்புறம் போகவே இல்லை. பத்து நாளைக்கு முன் பரண் மேல் திறந்து கிடந்த பழைய டிரங்குப் பெட்டிக்குள் நான்கு குட்டி போட்டுவிட்டது. மாசமாக இருக்கிற பெண் உள்ள வீட்டில் பூனை ஆகாது, பூனை முடி வயிற்றுக்குள் போனால் ஆஸ்துமா வரும் என்கிறார் அத்தை. சாக்கில் போட்டுக் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டால் சாப்பாட்டுக்கும் கஷ்டப்படாது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பூனைக் கழிவால் கரு கலையும் என்று போனில் எங்கோ படித்ததிலிருந்து எனக்கும் தூக்கம் போய்விட்டது. கணவர் வாயே திறக்கவில்லை. நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்தச் சாக்கை இருந்த இடத்தில் திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.

நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் கொல்லையில் ஒரு வரிப்பூனை திரிந்துகொண்டிருந்தது. பால் சட்டியை உருட்டிவிட்டது என்று அப்பா ஒருநாள் அதைப் பிடித்துத் தவிட்டுச் சாக்கில் போட்டுக் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அது பால் கொடுத்துக்கொண்டிருந்த பூனை என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. ராத்திரி வைக்கோல்போருக்குப் பின்னாலிருந்து கீச்கீச்சென்று சத்தம். அம்மா அரிக்கேன் விளக்கோடு போய்ப் பார்த்தாள். மூன்று குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை. துணித்திரியைப் பசும்பாலில் நனைத்துக் கொடுத்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் சத்தம் நின்றுவிட்டது. ஒன்பதாம் நாள் பூனை திரும்பி வந்தது. எலும்பும் தோலுமாக, காது கிழிந்து. வந்ததும் சமையல்கட்டுப் பக்கம் வரவில்லை, நேரே வைக்கோல்போருக்குப் போனது. அப்பா அதற்கப்புறம் எந்தப் பூனையையும் விரட்டியதில்லை. அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

மீன் மார்க்கெட்டில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த மீன்தலைகளுக்கு ஏற்கெனவே பங்காளிகள் இருக்கிறார்கள். புதிதாக வந்த பூனையை அங்கிருக்கும் கடுவன்களும் நாய்களும் அண்டவிடாது. பத்து நாள் குட்டிக்கு இப்போதுதான் கண் திறக்கும். மூன்று வாரம் வரை அதனால் தானாக மூத்திரம்கூடப் போக முடியாது, தாய் நக்கிவிட்டால்தான் போகும். அப்படிப்பட்ட நான்கு உயிரை வைத்துக்கொண்டு அது எங்கே ஒளியும்? பட்டினி கிடக்க நேரும் என்று தெரிந்தும் ஒரு விலங்கை அநாதையாக விட்டுவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டுக்காரரிடம் போகிற போக்கில் இதைச் சொல்லி வைக்கலாம்.

சரி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் படித்தது முழுப்பொய் இல்லை. பாதி உண்மை. அதுதான் அதிகம் பயமுறுத்தும்.

அந்தக் கிருமியின் பெயர் டாக்ஸோபிளாஸ்மா. எலியையோ பறவையையோ பச்சை இறைச்சியையோ தின்னும் பூனைக்கு அது தொற்றும். முதல்முறை தொற்றிய பிறகு ஒன்று முதல் மூன்று வாரம் வரை பூனையின் மலத்தில் அதன் முட்டைகள் வெளியேறும். அதன்பின் பெரும்பாலான பூனைகளுக்கு அது நின்றுவிடும். அந்த முட்டையும் விழுந்த உடனே யாரையும் தொற்றாது. ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை வெளியில் கிடந்து பக்குவப்பட்ட பிறகுதான் அதற்குத் தொற்றும் சக்தி வருகிறது. பூனையைத் தொட்டாலோ, அது மடியில் வந்து படுத்தாலோ வந்துவிடாது. பக்குவமான முட்டை எப்படியாவது உங்கள் வாய்க்குள் போக வேண்டும். ஆகவே பூனை மலம் கழிக்க வைக்கும் மணல்தட்டைத் தினமும் ஒருவர் அள்ளிக் கொட்டினால் பாதி வேலை முடிந்தது. அந்த ஒருவர் நீங்களாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம் இன்னொன்று. அந்த முட்டைகள் ஈர மண்ணில் ஒரு வருடத்துக்கு மேல்கூட உயிரோடு கிடக்கும். உங்கள் பூனையை இன்று விரட்டினாலும் தெருவில் உள்ள மற்றப் பூனைகள் உங்கள் கொல்லையில்தான் குழி பறித்து மூடிவிட்டுப் போகப்போகின்றன. நீங்கள் அந்த மண்ணில் கையை விட்டுக் கீரை பிடுங்கி, அரைகுறையாக அலசிச் சமைப்பீர்கள். மனிதர்களுக்கு இது வருகிற முக்கியமான வழிகள் சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கீரை, மண் அளைந்த கை. பிரசவம் வரை செடிகொடி வேலைக்குக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கொத்துமல்லி, புதினாவை நான்கு தண்ணீரில் அலசுங்கள். ஆட்டுக்கறி நன்றாக வெந்த பிறகு இறக்குங்கள், கறி நறுக்கிய பலகையையும் கத்தியையும் உடனே கழுவிவிடுங்கள்.

கருவிலுள்ள குழந்தைக்கு ஆபத்து இருப்பது பெரும்பாலும் தாய்க்கு இந்தத் தொற்று கர்ப்பகாலத்தில் முதல்முறையாக வந்தால்தான். முன்பே வந்துபோயிருந்தால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கும். வந்ததா இல்லையா என்பது ரத்தப் பரிசோதனையில் தெரியும். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது வீட்டில் பூனை இருக்கிறது, டாக்ஸோபிளாஸ்மா பரிசோதனை எனக்குத் தேவையா என்று மகப்பேறு மருத்துவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். போகும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். போனில் படித்ததை நீங்கள் சொன்னால் அது எதிர்த்துப் பேசுவதாகிவிடும். அதையே டாக்டரம்மா சொன்னால், அன்று சாயங்காலமே அத்தை பக்கத்து வீட்டில் போய் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆஸ்துமா விஷயத்தில் அத்தையின் பயத்திலும் கொஞ்சம் உண்மை உண்டு, வழிதான் வேறு. வயிற்றுக்குள் முடி போவதால் எதுவும் வராது. பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதம், அது தன்னை நக்கிக்கொள்ளும்போது முடியில் ஒட்டிக் காய்ந்து காற்றில் கலக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது தும்மலையும் இழுப்பையும் கிளப்பும். உங்கள் மாமனாருக்கு இழுப்பு உண்டென்றால் பூனை படுக்கையறைக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். யாருக்கும் இல்லையென்றால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

இனி, பூனைக்கு மணி கட்டுவது யார்? உங்கள் கணவர்தான். தயிர்சாதம் வைத்தது அவர். மாசமாக இருக்கும் மனைவிக்கும் அம்மாவுக்கும் நடுவில் அவர் மௌனமாக இருப்பது பெருந்தன்மை ஆகாது. மணல்தட்டு அவர் வேலை. இதற்குக் கடையில் விற்கும் பூனை மணல்தான் வேண்டும் என்பதில்லை. அகலமான பிளாஸ்டிக் தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மணலோ மரத்தூளோ போட்டால் போதும். தினமும் அள்ளி, காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு ஆபீஸ் போகட்டும். சாப்பாட்டுக் கிண்ணத்தின் பக்கத்தில் மட்டும் தட்டை வைக்காதீர்கள். பூனைக்கு அந்தச் சுத்தம் நம்மைவிட அதிகம்.

தயிர்சாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூனை அதைச் சாப்பிடும், அதில் வாழாது. டாரின் என்ற ஒரு சத்தை அதன் உடம்பால் போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. மீனிலும் இறைச்சியிலும் இருந்துதான் அது வர வேண்டும். வருடக்கணக்கில் வராமல்போனால் கண் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். இப்போது அது நான்கு குட்டிக்குப் பால் கொடுக்கிறது, வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பசிக்கும். முள் எடுத்த வேகவைத்த மீன், எலும்பில்லாத கோழி, அவித்த முட்டை, இவற்றைக் கொஞ்சம் சோற்றில் பிசைந்து ஒரு நாளைக்கு நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள். வெங்காயம், பூண்டு, மசாலா சேர்ந்த குழம்பு மீன் வேண்டாம். கருவாட்டிலும் உப்பு அதிகம். உங்கள் வீடு சைவம் என்றால் கடையில் கிடைக்கும் குட்டிப்பூனைத் தீனியே தாய்க்கும் பொருந்தும். பெரிய பூனைகள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை, வயிற்றால் போகும். அதற்குப் பதில் தண்ணீர் வையுங்கள்.

நம் வீடுகளில் பூனையைக் கொல்வது பெரும்பாலும் நல்ல எண்ணம்தான். உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் கிட்டத்தட்ட இல்லை, பாதி மாத்திரையே கொன்றுவிடும். கருப்புப் பினாயிலும் அப்படித்தான். தரையைத் துடைத்துவிட்டுப் போவோம், அது ஈரத்தில் நடந்துவிட்டு உட்கார்ந்து பாதத்தை நக்கும். பூனை நடமாடும் இடத்தைச் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். குட்டிகளின் மேல் தெள்ளுப்பூச்சியைக் கண்டால் நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைத் தடவிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.

இதையெல்லாம்விடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாவிட்டால் அடுத்த ஐப்பசிக்குள் உங்கள் பரணில் இடம் போதாது. பூனைக்குச் சினைக்காலம் 63 முதல் 65 நாள்தான். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினைப்படும். பெண் குட்டிகளுக்கு நான்கு மாதத்திலேயே பருவம் வந்துவிடக்கூடும். எனவே குட்டிகளுக்கு எட்டு வாரமாகிப் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். அதுவரை கூடியமட்டும் ராத்திரியில் வெளியே விடாதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, அங்கே கேளுங்கள். வாயில்லா ஜீவனுக்கு இது பாவமில்லையா என்று அத்தை கேட்பார். வருடத்துக்கு மூன்று ஈடு குட்டி போட்டு, அதில் பாதியைக் காருக்கும் நாய்க்கும் கொடுத்துவிட்டு, குட்டி போட்ட பூனையாகவே அது ஆயுசு முழுக்க அலைந்துகொண்டிருப்பதுதான் பாவம்.

குட்டிகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. அதற்கு முன்பே வயிற்றுப் பூச்சிக்கு மருந்தும் கொடுக்க வேண்டும், எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் சொல்வார். எட்டு வாரத்துக்கு முன் எந்தக் குட்டியையும் யாருக்கும் தூக்கிக் கொடுக்காதீர்கள். பத்து, பன்னிரண்டு வாரம் தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருந்தால் இன்னும் நல்லது. கடிக்கிற பல்லுக்கு அளவு எது என்பதை அது அங்கேதான் கற்றுக்கொள்ளும். கேட்டு வருகிறவர்களிடம் ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், மாடி வீடா, பால்கனிக்கு வலை உண்டா என்று விசாரியுங்கள். சம்பந்தம் பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

தாய்ப்பூனை யாரையாவது பிறாண்டினாலோ கடித்தாலோ அந்த இடத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியைக் கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம். மஞ்சள் வைத்துக் கட்டி நாளைக் கடத்த வேண்டாம்.

குழந்தை பிறந்ததும் அத்தை இன்னொன்று சொல்வார், இப்போதே சொல்லி வைக்கிறேன்: பூனை பிள்ளையின் மூச்சை உறிஞ்சிவிடும் என்பார். அப்படி எதுவும் இல்லை. ஆனால் பூனைக்குச் சூடான, மெத்தென்ற இடம் பிடிக்கும். சேலையில் கட்டிய தூளி அதற்குச் சொர்க்கம். உள்ளே குழந்தை இருக்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. அதனால் குழந்தை தூங்கும் அறைக்குள் பெரியவர்கள் இல்லாதபோது பூனை போகக் கூடாது, கதவைச் சாத்தி வையுங்கள். தூளியை ஒரு மாதம் முன்பே கட்டிவிட்டு, பூனை ஏறினால் ஒவ்வொரு முறையும் சத்தம் போடாமல் இறக்கிவிட்டுப் பழக்குங்கள்.

கடைசியாக அந்த டிரங்குப் பெட்டி. பழைய பட்டுப்புடவை வைத்திருந்த பெட்டி என்றால் அடியில் பாச்சா உருண்டை கிடக்கும். அது பூனைக்கு விஷம், பத்து நாள் குட்டிக்குக் கேட்கவே வேண்டாம். மூடியும் கனமான இரும்பாகத்தான் இருக்கும், தாய் உள்ளே தாவும்போது தட்டிவிட்டால் அப்படியே சாத்திக்கொள்ளும். தாய் சாப்பிடக் கீழே இறங்கும் நேரம் பார்த்து உங்கள் கணவரைப் பரண் மேல் ஏறச் சொல்லுங்கள். உருண்டைகளைப் பொறுக்கிவிட்டு, அந்த வாடை அடிக்கும் துணிகளையும் எடுத்துவிட்டு, பழைய பருத்திச் சேலை ஒன்றை விரித்துக் குட்டிகளை அதன்மேல் வைக்கட்டும். மூடியைக் கழற்ற முடிந்தால் கழற்றட்டும், இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் ஆணியோடு கயிறு போட்டுக் கட்டட்டும். நீங்கள் ஸ்டூலில் ஏறாதீர்கள். இன்றைக்கே செய்யச் சொல்லுங்கள்.