பெட்டி பெருசா, வீடு பெருசா? சப்வூஃபர் கேள்வி பதில்

நாகர்கோவில் வடசேரியில ஸ்பீக்கர் ரிப்பேர் பெஞ்சுல உட்கார்ந்து 25 வருசம் ஆச்சு. முன்னெல்லாம் கோன் (ஸ்பீக்கர்ல முன்னும் பின்னும் ஆடுற கூம்பு) மாத்தத்தான் வருவாங்க. இப்போ வர்றவங்களில பாதிப் பேர், ‘ஸ்டீரியோவோட சேர்க்க எந்த சப்வூஃபர் வாங்கட்டும்’னு கேட்டுட்டுப் போறாங்க. சப்வூஃபர்னா அடிச் சத்தத்துக்கு, அதாவது பேஸுக்கு, மட்டும்னு உள்ள தனி ஸ்பீக்கர் பெட்டி. குமரி மாவட்டத்துல பல பக்கத்திலேருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

கேள்வி: 12-க்கு 14 அடி ஹால். 40 வாட் ஆம்ப், 5 இஞ்ச் வூஃபர் உள்ள சின்ன ஸ்பீக்கர் ஒரு ஜோடி. சப்வூஃபர் 8 இஞ்ச் போதுமா, 12-க்குப் போகணுமா? 12 இஞ்ச் ‘மெதுவா’ அடிக்கும்னு ஒருத்தர் பயமுறுத்துறார். (கருங்கல்)

பதில்: 10 இஞ்ச் எடுங்க. 8 இஞ்சிலேருந்து 12-க்குப் போனா கோனோட பரப்பு ரெண்டேகால் மடங்கு. அடிச் சத்தம்ங்கிறதே காத்தைத் தள்ளுற வேலைதான். சத்தம் குறையாம ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது பாதி ஹெர்ட்ஸுக்கு (ஹெர்ட்ஸ்னா நொடிக்கு எத்தனை ஆட்டம்), இறங்கணும்னா நாலு மடங்கு காத்தைத் தள்ளியாகணும். சின்னக் கோன் அதுக்கு முன்னும் பின்னும் ரொம்ப தூரம் ஓடும், கடைசியில கரகரப்பு வரும். மெதுவுங்கிறது வெறும் கதை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடுறதுக்கு 12 இஞ்ச் கோனுக்கு ஒரு சிரமமும் இல்ல. இழுத்தடிச்ச மாதிரி கேட்டா குத்தம் அறையிலயோ கிராஸோவர்லயோ (எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர் பாடணும்னு பிரிக்கிற இடம்) இருக்கும். பேஸ் கித்தாரோட அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். பாட்டு மட்டும் கேட்கிற ஆளுக்கு 35 வரைக்கும் சுத்தமா இறங்கினா தாராளம். 20 ஹெர்ட்ஸ் எல்லாம் வீட்டுல குண்டு வெடிக்கிற சினிமா பாக்கிறவங்களுக்கு.

கேள்வி: கடையில ஒரு பெட்டியில 5000 வாட்னு ஒட்டியிருக்கு. விலை 6000 ரூபாய்தான். வாங்கலாமா? (மார்த்தாண்டம்)

பதில்: அது பிஎம்பிஓ கணக்கு, ஒரு கண நேர உச்சத்தைச் சொல்ற விளம்பர நம்பர். ஆர்எம்எஸ், அதாவது விடாம தர்ற வாட், எத்தனைன்னு கேளுங்க. கடைக்காரர் பேச்சை மாத்தினா நீங்களும் கடையை மாத்துங்க.

கேள்வி: மூடின பெட்டியா, ஓட்டை வச்ச போர்ட்டட் பெட்டியா? (தக்கலை)

பதில்: நம்ம ஊர் வில்லுப்பாட்டுல குடத்து வாயைத் தட்டினா ‘பும்’னு வரும் பாருங்க, போர்ட்டட் பெட்டி அந்த ஜாதி. குடத்துக்குள்ள இருக்கிற காத்துக்குன்னு ஒரு சுருதி உண்டு. பெட்டியிலயும் அந்தச் சுருதிப் பக்கம் வரும்போது போர்ட் வேலையில பாதிக்கு மேல எடுத்துக்கிடும், கோனுக்குச் சிரமம் குறையும். அதனால அதே காசுக்குச் சத்தம் அதிகம். சுருதிக்குக் கீழே போனா மட்டும் சட்டுன்னு விழுந்துரும், ஆக்டேவுக்கு 24 டெசிபெல் (சத்தத்தோட அளவு) கணக்குல. மூடின பெட்டி 12 டெசிபெல்லாக மெல்ல இறங்கும். சின்ன கான்கிரீட் அறையில சுவரே அடிச் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கிக் குடுக்கும், அங்க மூடின பெட்டி நல்லா ஒத்துப்போகும். ஓட்டு வீடா இருந்தா இறவாரம் வழியா பேஸ் வெளியே போயிரும், அதுக்குப் போர்ட்டட் பரவாயில்ல. என்கிட்ட கேட்டா, பாட்டுக்கு மூடினதுதான். சொந்த ருசி, சண்டைக்கு வரவேண்டாம்.

கேள்வி: சப்வூஃபரை மூலையில வச்சிருக்கேன். ஹால் நடுவுல சோபாவுல உட்கார்ந்தா ஒண்ணுமே இல்ல. அடுக்களை வாசல்ல நின்னா மாத்திரம் தும்தும்னு வருது, அலமாரியில தட்டு கிலுங்குது. பெட்டி பழுதா? (குளச்சல்)

பதில்: பெட்டி நல்லாத்தான் இருக்கு மக்கா, சோபாதான் தப்பான இடத்துல கிடக்கு. ஒரு குட்டுவத்துல தண்ணியை ஊத்தி லேசா ஆட்டிப் பாரு. ரெண்டு ஓரத்திலயும் ஏறி இறங்கும், நடுவுல அசைவே இருக்காது. அறைக்குள்ள அடிச் சத்தமும் அப்படித்தான் ஆடுது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் ஓடும். அதை அறை நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா அந்த அறை எந்த ஹெர்ட்ஸ்ல ஆடும்னு கிடைக்கும். 14 அடிக்கு ஏறத்தாழ 40, 12 அடிக்கு 47. பேஸ் கித்தார் நடமாடுற இடமே இதுதான். நீ நட்டநடுவுல உட்கார்ந்தா அந்தச் சத்தம் உன்கிட்ட வராது, சுவரோரம் நிக்கிறவங்களுக்கு ரெட்டிப்பாக் கிடைக்கும்.

முதல்ல சோபாவை ஒரு ரெண்டடி பின்னால தள்ளு. அது முடியாதுன்னா, சப்வூஃபரைத் தூக்கி நீ உட்கார்ற இடத்துல வச்சு, பேஸ் ஏறி இறங்குற பாட்டு ஒண்ணைப் போட்டுட்டு, சுவரோரமா முட்டுக்குத்தித் தவழ்ந்து போ. எந்த இடத்துல எல்லாச் சுரமும் ஒரே அளவாக் கேட்குதோ, பெட்டி குடியிருக்க வேண்டிய இடம் அது. வீட்டுல உள்ளவங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும். கம்பளம் விரிச்சா சரியாகுமான்னு அடுத்துக் கேட்ப. 40 ஹெர்ட்ஸோட அலை 28 அடி நீளம், கம்பளத்தை அது மதிக்காது.

கேள்வி: என்னுடைய பழைய ஆம்ப்பில் சப்வூஃபருக்குத் தனி அவுட்புட் இல்லை. ஆம்ப்பை மாற்ற வேண்டுமா? (நாகர்கோவில்)

பதில்: வேண்டாம் சார். ‘ஹை லெவல்’ இன்புட் உள்ள சப்வூஃபரா பாத்து வாங்குங்க. ஸ்பீக்கர் டெர்மினல்லேருந்தே வயர் இழுத்துக்கிடலாம், ஆம்ப்புக்கு அது பாரமே இல்ல. ஆம்ப் பிரிட்ஜ் வகையா (கறுப்பு டெர்மினல்லயும் சிக்னல் ஓடுற வகை) இருந்தா மட்டும் கறுப்பு வயரை எங்க கொடுக்கணும்னு மேனுவலைப் பாத்துட்டுக் கொடுங்க. தப்பாக் கொடுத்தா ஆம்ப் போயிரும்.

கேள்வி: கிராஸோவர் எத்தனையில் வைப்பது? ஃபேஸ் சுவிட்சு எதற்கு? (பூதப்பாண்டி)

பதில்: 80-ல ஆரம்பிங்க. ஆம்பளைக் குரல் பெட்டிக்குள்ளேருந்து வர்ற மாதிரி தோணிச்சுன்னா இறக்குங்க. ஃபேஸ் சுவிட்சு கோன் ஆடுற திசையைத் திருப்பிப் போடும், மத்த ஸ்பீக்கரோட ஒத்து ஆட வைக்கத்தான். அதை 0-லயும் 180-லயும் மாத்தி வச்சுக் கேளுங்க, பேஸ் எதுல கனமாக் கேட்குதோ அதுல விட்டுருங்க. எல்லாம் முடிஞ்ச பிறகு வால்யூமைக் கொஞ்சம் குறைங்க. சப்வூஃபர் ஓடுதான்னே தெரியக்கூடாது, அணைச்சாத்தான் தெரியணும்.

கேள்வி: கடலிலிருந்து 200 மீட்டரில் வீடு. பழைய சப்வூஃபரின் கோன் ஓரம் தொட்டாலே பொடியாக உதிர்கிறது. (முட்டம்)

பதில்: ஓரத்துல இருக்கிறது ஃபோம். நம்ம ஊர் ஈரத்துல அது பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு மேல தாங்கி நான் பாத்ததில்ல. காயில் (கோனை ஆட்டுற கம்பிச் சுருள்) நல்லா இருந்தா ஓரத்தை மட்டும் மாத்தலாம், தூக்கி எறியாதீங்க. புதுசு வாங்கினா ரப்பர் ஓரம் உள்ளதாப் பாருங்க. குலசேகரத்துப் பக்கம் ரப்பர் பால் எடுக்கிற ஊர்க்காரங்களுக்கு ரப்பரைப் பத்தி நான் சொல்லணுமா? இன்னொண்ணு, தரை துடைக்கிற தண்ணி எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) பெட்டிக்குள்ள ஊறி அடிப்பக்கம் வீங்கிரும். ஒரு இஞ்ச் உயரத்துக்குக் கால் வச்சுருங்க. கடலைப் பாத்த ஜன்னலுக்கு நேரா வைக்காதீங்க, பின்னால இருக்கிற டெர்மினல்ல பச்சை பூக்கும்.

கேள்வி: பாட்டு ஓடாதபோதும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல். (திருவட்டார்)

பதில்: சப்வூஃபருக்கு வர்ற ஆடியோ வயரைப் பிடுங்குங்க. இரைச்சல் அப்பவும் நிக்கலைன்னா பெட்டியில பழுது. நின்னுட்டுதுன்னா எர்த் சுத்து (ரெண்டு பெட்டியோட எர்த்தும் வயர் வழியா வளையமாச் சேர்றது), 50 ஹெர்ட்ஸ் கரண்ட் உள்ள புகுந்திருக்கு. என் அனுபவத்துல பாதி நேரம் டிவி கேபிள் வயர்தான் காரணம், அதைக் கழற்றிப் பாருங்க. ஆம்ப், சப்வூஃபர் ரெண்டையும் ஒரே பிளக் பாயிண்ட்ல குடுங்க. மூணாவது பின்னை மட்டும் வெட்டிராதீங்க. இரைச்சல் போகும், அடுத்து ஆளும் போயிரலாம்.

கேள்வி: பழைய ஸ்பீக்கரிலேயே 12 இஞ்ச் வூஃபர் இருக்கிறது. சப்வூஃபர் சேர்க்கணுமா? (இரணியல்)

பதில்: வேண்டாம். அந்தக் காசை வச்சு ஸ்பீக்கரைச் சர்வீஸ் பண்ணுங்க.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் சப்வூஃபரை சோபாவை ஒட்டி வைக்கணும்ங்கிறார். டிவி பக்கத்துல வச்சாத்தானே பாக்க நல்லா இருக்கும்? யாரு சொல்றது சரி? (கொட்டாரம்)

பதில்: 80-க்குக் கீழே சத்தம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு காது கண்டுபிடிக்காதுக்கா. கிட்ட வச்சா வால்யூமைக் குறைச்சே கேட்டுக்கிடலாம், பக்கத்து வீட்டுக்கும் தொந்தரவு கம்மி. இந்த ஒரு தடவை அவரு சொல்றதுதான் சரி. நான் சொன்னேன்னு சொல்லவேண்டாம்.