சேற்றில் ஓட்டம், கூடவே நாய்: கேள்வி பதில்

இங்கிலாந்தில் நவம்பர் முதல் மார்ச் வரை காட்டுப் பாதைகளும் வயல் ஓரங்களும் சேறாகவே கிடக்கும். அந்த நாட்களில் பிள்ளைகளோடும் நாயோடும் ஓடப்போகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எங்கட லாப்ரடோருக்கு ஏழு மாசம். ஞாயிற்றுக்கிழமையில பிள்ளையளோட காட்டுக்குள்ள ஓடுறம். இவனையும் கூட்டிக்கொண்டு ஓடலாமோ? (ஹாரோ)

இப்போது வேண்டாம். நடக்கட்டும், மோப்பம் பிடிக்கட்டும், தானாகத் துள்ளி விளையாடட்டும். கயிற்றில் கட்டி, நம் வேகத்துக்கு நிற்காமல் ஓடவைப்பதுதான் கூடாது. எலும்பு நுனிகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீளும் மென்மையான பகுதிகள்) இன்னும் கெட்டியாகி மூடவில்லை. சேற்றில் கால் பக்கவாட்டில் வழுக்கும்போது மூட்டுகளுக்கு இன்னும் சிரமம். லாப்ரடோர் அளவு நாய்க்கு 12 முதல் 18 மாதம் வரை பொறுங்கள். தொடங்குமுன் இடுப்பையும் முழங்கையையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இந்த இனத்துக்கு அந்த இரண்டு மூட்டுகளில்தான் கோளாறு அதிகம்.

கழுத்துப்பட்டியில கயிறைக் கட்டி, கையில பிடிச்சுக்கொண்டு ஓடினால் என்ன? (ஈஸ்ட் ஹாம்)

நாய் முன்னே இழுத்தால் முழு பாரமும் அதன் மூச்சுக்குழாயில் விழும். திடீரென்று அது பக்கத்தில் பாய்ந்தால் உங்கள் தோள் திருகும், சேற்றில் நிலை தடுமாறி விழுவீர்கள். இப்படி நாயை உடலோடு இணைத்து ஓடுவதற்கு ‘கேனிகிராஸ்’ என்று பெயர், அதற்கென்றே உள்ள சாமான் மூன்று. நாய்க்கு ஹார்னஸ் (நெஞ்சையும் உடலையும் சுற்றும் பட்டைக் கவசம்), உங்களுக்கு இடுப்புப் பட்டி, இரண்டையும் இணைக்க இழுபடும் கயிறு.

ஹார்னஸ் முன்புறம் ‘ஒய்’ எழுத்து வடிவில் நெஞ்செலும்பின் மேல் படியவேண்டும். தோளுக்குக் குறுக்கே பட்டை ஓடும் வகை முன்னங்கால் வீச்சைத் தடுக்கும். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைந்தால் போதும். அதைவிடத் தளர்ந்தால் நனைந்த பட்டை நகர்ந்து அக்குளை உராய்ந்து புண்ணாக்கும். ஓடி வந்ததும் அக்குளைத் தடவிப் பாருங்கள்.

கயிறு இழுபட்ட நிலையில் சுமார் 2 மீட்டர். பட்டி இடுப்பெலும்பின் மேல் உட்காரவேண்டும். முதுகுக்கு ஏறினால் மறுநாள் வலிக்கும், அதனால் தொடைப்பட்டை உள்ளதாக வாங்குங்கள். ஒரே இழுப்பில் கழன்றுவிடும் கொக்கி கட்டாயம் இருக்கவேண்டும்.

விழுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். ‘பின்னால வா’ என்ற சொல்லை வீட்டுத் தோட்டத்திலேயே பழக்கி, சறுக்கலான இறக்கத்தில் நாயைப் பின்னுக்கு எடுத்து நடந்து இறங்குங்கள். பிள்ளையின் இடுப்பில் ஒருபோதும் நாயைக் கட்டாதீர்கள்.

மகளுக்கு ஏழு, மகனுக்கு பதினொன்று. எத்தனை கிலோமீட்டர் ஓடலாம்? (லெஸ்டர்)

சேற்றில் கிலோமீட்டர் பார்க்காதீர்கள், நேரம் பாருங்கள். 25 முதல் 30 நிமிடம், இடையிடையே நடை. பாதியில் குறுக்கே திரும்பக்கூடிய சுற்றுப்பாதையாகத் தேர்ந்தெடுங்கள். சின்னவள் முன்னே ஓடி வேகத்தைத் தீர்மானிக்கட்டும். நாயைப் பிடித்திருப்பவர் அவளைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால் நாய்க்கும் போதிய ஓட்டம் கிடைக்கும்.

பருத்தி உடுப்பும் பருத்திக் காலுறையும் வேண்டாம். நனைந்தால் ஈரத்தை விடாது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை நூல் நல்லது. ஓடும்போதல்ல, நின்ற பிறகுதான் பிள்ளைகள் விறைப்பார்கள். காரில் உலர்ந்த மேலுடுப்பு, காலுறை, சப்பாத்து ஒரு செட் இருக்கட்டும்.

சப்பாத்தின் அடியில் 6 முதல் 8 மில்லிமீட்டர் ஆழப் பற்கள் இருந்தால் சேற்றில் பிடிக்கும். லேஸை குதிகாலில் இறுக்கி இரட்டை முடிச்சுப் போடுங்கள், இல்லாவிட்டால் சேறு சப்பாத்தை உருவிக்கொள்ளும்.

தேங்கிய நீரைச் சுற்றிப் போகாமல் நடுவால் போகப் பழக்குங்கள். எல்லோரும் ஓரத்தால் சுற்றினால் பாதை அகன்று, புல்லும் செடியும் அழியும்.

பார்க்ரனுக்கு நாயைக் கொண்டு போகலாமா? (க்ரொய்டன்)

பார்க்ரன் என்பது பூங்காக்களில் பலர் கூடி ஓடும் இலவச ஓட்டம். அதன் சனிக்கிழமை 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நாயைக் கொண்டுபோகப் பல இடங்களில் அனுமதி உண்டு, சில இடங்களில் இல்லை. அந்தந்த இடத்தின் பக்கத்தைப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாய், குட்டைக் கயிறு, கையில் பிடிக்கவேண்டும். 2023 முதல் பிரிட்டனில் இடுப்புப் பட்டிக்கு இடமில்லை. 11 வயதுக்குக் குறைந்த பிள்ளை கை எட்டும் தூரத்தில் பெரியவரோடு ஓடவேண்டும் என்பதால், ஒருவரே நாயையும் பிள்ளையையும் சமாளிக்க முயலாமல் இரண்டு பேர் போங்கள்.

சேற்றால நாய்க்கு ‘அலபாமா ராட்’ வரும் எண்டு பயப்படுத்துறாங்கள். உண்மையோ? (மில்டன் கீன்ஸ்)

நோய் உண்மை, ஆனால் மிக அரிது. பிரிட்டனில் 2012 முதல் காணப்படுகிறது. பெரும்பாலும் நவம்பருக்கும் மே மாதத்துக்கும் இடையில், சேறான காட்டுப்பகுதிகளில் நடந்த நாய்களுக்கு வந்திருக்கிறது. காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. கழுவினால் வராது என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. ஆனாலும் கழுவுங்கள், ஏனென்றால் கழுவும்போதுதான் புண் கண்ணில் படும். பாதத்திலோ காலின் கீழ்ப்பகுதியிலோ காரணமில்லாத புண், சிவப்பு, வீக்கம் கண்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள். சில நாட்களுக்குள் சிறுநீரகம் பழுதாகலாம் என்பதுதான் ஆபத்து. சாப்பாட்டை வெறுத்தால், வாந்தி எடுத்தால், சோர்ந்து படுத்தால் காத்திருக்கவே கூடாது.

அடிக்கடி நடக்கக்கூடியவற்றுக்கு அதைவிடக் கவனம் வேண்டும். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், அதற்கான தடுப்பூசியை நாய்க்கு ஆண்டுதோறும் போடவேண்டும். வீதியில் தூவிய உப்பு பாதத்தை எரிக்கும், நக்கினால் வயிற்றைக் கெடுக்கும். இன்னொன்று, ஓட்டம் முடிந்து பிள்ளைகள் தின்னும் உலர்திராட்சை போட்ட பிளாப்ஜாக் (ஓட்ஸ் பலகாரம்), சாக்லேட் இரண்டுமே நாய்க்கு நஞ்சு. கீழே சிந்தவிடாதீர்கள்.

மாடு நிற்கும் வயலுக்குள்ளால பாதை போகுது. என்ன செய்யிறது? (ஆக்ஸ்போர்ட்)

ஓட்டத்தை நிறுத்துங்கள். நாயைக் குட்டையாகப் பிடித்து, மந்தையைத் தள்ளிச் சுற்றி, அமைதியாக நடந்து போங்கள். கன்று நின்றால் வேறு வழி தேடுங்கள். மாடு துரத்தினால் கொக்கியை இழுத்து நாயை விட்டுவிடுங்கள். அவை குறிவைப்பது நாயைத்தான், அது ஓடித் தப்பும். பிடித்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் உயிராபத்து.

திரும்பி வந்த பிறகு? (ஹாரோ)

நாய்க்கு வெதுவெதுப்பான நீர், சோப்பு தேவையில்லை. விரல் இடுக்கில் சேறு உருண்டு காய்ந்தால் நொண்டும், அங்கேதான் முதலில் கை போகட்டும். துவட்டும்போது இடுக்கையும் வயிற்றையும் விடாதீர்கள். மூச்சு சீராகி ஒரு மணி நேரமாவது கழித்துச் சாப்பாடு கொடுங்கள். ஓடுமுன் இரண்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்கட்டும். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

சப்பாத்தைக் குழாய் நீரில் கழுவி, பத்திரிகைத் தாளை உள்ளே திணித்து, தாள் நனைந்ததும் மாற்றுங்கள். ரேடியேட்டர் மேல் வைத்தால் பசை விட்டு அடிப்பாகம் பிரிந்துவிடும். ஹார்னஸையும் காற்றில்தான் காயவிட வேண்டும்.