ரிம்மைத் தொடும் முன் ரப்பரைப் பாருங்கள்

கேள்வி: திண்டுக்கல்லில் இருக்கிறேன். 2009 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல் கார், மூன்று வருடங்களுக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 1,20,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மோசமான ரோட்டில் முன்பக்கம் கடகடவென்று சத்தம். 80க்கு மேல் போனால் வண்டி மிதக்கிற மாதிரி இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போது வளைவுகளில் நம்பிக்கையே வரவில்லை. வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங்கும் 16 இன்ச் அலாய் வீலும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். கையில் இருப்பது 40,000 ரூபாய். போடலாமா?

பதில்: நண்பர் சொன்னபடி செய்தால் வண்டி பார்க்க அழகாக இருக்கும். கடகட சத்தம் மட்டும் அப்படியே இருக்கும், இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே.

நீங்கள் இந்தக் காரை வாங்கும்போதே அதற்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயது ஆகியிருக்கும். அதாவது, கம்பெனியிலிருந்து வந்தபோது இந்த வண்டி எப்படி ஓடியது என்பதே உங்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் ஸ்விஃப்ட்டை இளைஞர்கள் விரும்பி வாங்கியதற்கு ஒரு காரணமே, வளைவில் அது ரோட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பிய விதம். அந்தக் குணம் இன்னும் உள்ளே இருக்கிறது. தேய்ந்த ரப்பருக்கும் காய்ந்த ஷாக் அப்சார்பருக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது. முதல் செலவு அதை வெளியே கொண்டுவரத்தான்.

40,000-ஐ இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி வண்டிக்கு அடியில், ஒரு பாதி டயரில். அலாய்க்கு இப்போது இடமில்லை.

முதலில் சத்தம். மெக்கானிக்கிடம் போவதற்கு முன் நீங்களே கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள், பாதி பணம் மிச்சமாகும். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னக் கற்களில் கடகடவென்றால் பெரும்பாலும் லிங்க் ராடு, இல்லையென்றால் ஸ்டெபிலைசர் பார் புஷ் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி ஸ்டெபிலைசர் பார்; அதைச் சக்கரப் பக்கத்தோடு இணைப்பது லிங்க் ராடு; இரும்புக்கு இடையில் இருக்கும் ரப்பர்தான் புஷ்). இரண்டும் மலிவான சாமான்கள். பிரேக் பிடிக்கும்போதோ ரிவர்ஸ் எடுக்கும்போதோ 'டொக்' என்று ஒரே ஒரு அடி விழுந்தால், சக்கரத்தை வண்டியின் அடியோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் புஷ். வண்டி நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடுவது மாதிரி 'டங்' என்றால், ஸ்ட்ரட்டுக்கு (முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) மேலே இருக்கிற மவுன்ட்டும் அதன் பேரிங்கும். முழுவதுமாக ஒடித்துத் திரும்பும்போது மட்டும் 'டிக் டிக்' என்றால் அது சஸ்பென்ஷனே இல்லை, ஆக்சில் ஜாயின்ட். அது வேறு கணக்கு.

லோயர் ஆர்ம் போயிருந்தால் புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் தள்ளி மாற்றலாம், முழு ஆர்மாகவும் வாங்கலாம். இந்த வயது வண்டிக்கு, சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டோடு சேர்ந்து வரும் முழு ஆர்மையே இரண்டு பக்கமும் மாற்றிவிடச் சொல்வேன். புஷ் புதிது, பால் ஜாயின்ட் பழசு என்று விட்டால் ஆறு மாதத்தில் மறுபடியும் அதே இடத்தைப் பிரிக்க வேண்டிவரும், கூலி இரண்டு முறை.

இங்கே ஒரு விஷயத்தை மெக்கானிக்கிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆர்ம் போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது வண்டி தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்க வேண்டும். லிஃப்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்த முறுக்கிலேயே ஓடி சீக்கிரம் கிழியும். "புது புஷ் ஒரு வருடம்கூட வரவில்லை, டூப்ளிகேட் சாமான்" என்று நிறைய பேர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். பல நேரம் சாமான் மேல் தப்பில்லை.

அடுத்து அந்த மிதப்பு. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஒரு மேட்டில் ஏறி அமுங்கிய ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். அது போய்விட்டால் வேகத்தில் வண்டி படகு மாதிரி ஆடும், வளைவில் எடை மெதுவாகச் சாய்ந்து பிறகு சட்டென்று விழும். பானட்டை அமுக்கிவிட்டு ஆட்டத்தை எண்ணும் பழைய சோதனையை நம்பாதீர்கள். முற்றிலும் செத்த ஷாக்கைத்தான் அது காட்டும். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் டயரின் மேல் கையைச் சுற்றிலும் தடவுங்கள். மேடும் பள்ளமுமாக அலை மாதிரி தேய்ந்திருந்தால் சக்கரம் ரோட்டில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

1,20,000 கி.மீ. வண்டியில் ஒரிஜினல் ஷாக்கே இருந்தால் யோசிக்காமல் நான்கையும் மாற்றலாம். பணம் இடித்தால் முன்பக்க ஜோடி முதலில், பின்பக்கம் சில மாதம் கழித்து. ஒற்றையாக மட்டும் மாற்றாதீர்கள். கேப்ரியல், மன்றோ போன்ற பிராண்டுகளில் இந்த மாடலுக்குரியது, இல்லையென்றால் மாருதியின் ஒரிஜினல் பாகம், இவை போதும். முன்பக்கம் பிரிக்கும்போதே ஸ்ட்ரட் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் அடிவரை அமுங்கினால் இடி தாங்கும் ரப்பர்), தூசி உறை எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். அதற்குத் தனிக்கூலி கிடையாது. பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி என்பதால் வேலை சுலபம்.

ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இன்ச் டேப்பால் அளந்து பாருங்கள். இடமும் வலமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து, சுருளில் முறிவும் இல்லையென்றால் பழைய ஸ்பிரிங்கே ஓடட்டும்.

லோயரிங் பற்றி நான் பேசுவதற்கு ஒரு தகுதி இருக்கிறது: என் பழைய மாருதி ஜென்னின் ஸ்பிரிங்கை கேஸ் கட்டரால் ஒரு சுற்று வெட்டியவன் நான். சூடு பட்ட இடத்தில் ஸ்டீலின் பதம் போய்விடும் என்பது அப்போது தெரியாது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் பம்ப் ஸ்டாப்பில் இடித்தது. ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்பிரிங் தன் இருக்கையில் லொடலொடவென்று ஆடியது. முறையாகச் செய்த லோயரிங் ஸ்பிரிங் அவ்வளவு மோசமில்லை, ஆனால் அதற்கேற்ற ஷாக்கும் வேண்டும். அது உங்கள் பட்ஜெட்டில் அடங்காது. உங்கள் ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மி.மீ. லோயரிங் ஸ்பிரிங் 40 மி.மீ. இறக்கும் என்று வையுங்கள். நண்பர்கள் வழக்கமாகச் சொல்லும் 195/50 ஆர்16 டயர் (அகலம் மி.மீ.யில், அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம், ரிம் இன்ச்சில்) பழைய டயரைவிட விட்டத்தில் 18 மி.மீ. சின்னது, அதில் 9 மி.மீ. போகும். மிச்சம் 120 சொச்சம். அதில் ஐந்து பேர் ஏறி உட்கார்ந்தால்? நம்மூர் வேகத்தடைகளின் உயரம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடி தட்டுகிறது என்பதற்காக ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையில் ரப்பர் சொருகிவிடுவார்கள் சிலர். அதுவும் வேண்டாம். அந்த இடத்தில் சுருள் வேலை செய்யாது, மற்ற சுருள்கள் மேல் பாரம் கூடும், வண்டி கட்டை மாதிரி குதிக்கும்.

இனி டயர். மலைப்பாதையில் நம்பிக்கை வேண்டும் என்றால் நீங்கள் செய்யக்கூடிய மிக நல்ல செலவு இதுதான். உங்கள் விஎக்ஸ்ஐயில் வந்தது 165/80 ஆர்14. இதே வண்டியின் மேல்ரகமான இசட்எக்ஸ்ஐயில் கம்பெனியே போட்டது 185/70 ஆர்14. உங்கள் ஸ்டீல் ரிம்மிலேயே அது உட்காரும், ரோட்டைத் தொடும் அகலம் கூடும், மொத்த விட்டம் 5 மி.மீ. மட்டும் குறையும், ஸ்பீடோமீட்டரில் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் வராது. நான்கும் சேர்ந்து 20,000 ரூபாயை ஒட்டி வரும், பிராண்டைப் பொறுத்து முன்பின் ஆகலாம். மைலேஜ் ஒரு துளி குறையும், ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்: 1425 என்றால் 2025-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் தயாரானது. தள்ளுபடியில் வரும் டயர் பல நேரம் குடோனில் தூங்கிய டயர்.

ஒருவேளை இப்போதைக்கு இரண்டுதான் முடியும் என்றால், புதியவற்றைப் பின்னால் போடுங்கள். கடையில் முன்னால் போடத்தான் சொல்வார்கள். ஈரமான வளைவில் முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு வீல் அலைன்மென்ட். அதற்கு முன்பு வேண்டாம். இந்த வண்டியில் முன்சக்கரங்களின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டும்தான் திருகிச் சரிசெய்யக்கூடியது. "கேம்பர் அவுட், சரி பண்ண இவ்வளவு" என்று யாராவது சொன்னால் (கேம்பர் என்பது சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்), எந்தப் பாகம் வளைந்திருக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்த வருடம் பணம் சேர்ந்து அலாய் ஆசை போகவில்லையா, சரி. 14 இன்ச்சிலேயே பாருங்கள், மிஞ்சினால் 15 இன்ச், 185/65 டயரோடு. பெரிய மலிவு அலாய் பல நேரம் உங்கள் ஸ்டீல் ரிம்மைவிடக் கனமாக இருக்கும். உங்கள் வண்டியின் பி.சி.டி. 4×100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் நான்கு நட்டுத் துளைகள்; நடுவில் இருக்கும் ஹப் துளை 54.1 மி.மீ. ஹோண்டா சிட்டியிலிருந்து கழற்றிய அலாயும் 4×100 தான், ஆனால் துளை 56.1, இடைவளையம் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். ஆஃப்செட்டும், அதாவது சக்கரம் எவ்வளவு உள்ளேயோ வெளியேயோ நிற்கிறது என்ற அளவும், பழைய ரிம்மை ஒட்டியே இருக்கட்டும். பழைய அலாய் வாங்கினால் பேலன்சிங் மெஷினில் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், உள்பக்கம் வெல்டிங் தழும்பு தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

உங்கள் வண்டி 15 வருடம் தாண்டியது, ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ.வில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை வைத்துச் சொல்லியிருக்கிறது. இசட்எக்ஸ்ஐயின் டயர் அளவையே முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்டெப்னியை மாற்ற வேண்டாம், 5 மி.மீ. வித்தியாசத்தில் அது பஞ்சர் கடை வரை ஓடும். ஆனால் பிற்பாடு அலாய் போட்டால் பழைய நட்டுகளைக் கடையில் விட்டுவிடாமல் நான்கையாவது டிக்கியில் போட்டு வையுங்கள். அலாயோடு வரும் மெல்லிய நட்டு ஸ்டீல் ரிம்மில் சரியாக உட்காராது, அது தெரியவருவது ராத்திரி நேரத்தில் வத்தலக்குண்டு தாண்டித்தான்.