ஃப்ளை தூண்டில்: முதலில் லைன், பிறகுதான் ராடு

கேள்வி (சேலம், அஸ்தம்பட்டி): சார், இதுவரை ஸ்பின்னிங் ராடுதான். இப்போ ஃப்ளை செட் வாங்கப் போறேன். காசை ரீலில் போடவா, ராடில் போடவா?

பதில்: இரண்டும் வேண்டாங்க, முதலில் லைன். ஸ்பின்னிங்கில் ஈயக்குண்டோ லூரோ (செயற்கை இரை) தன் எடையால் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பது இறகும் நூலும் சுற்றிய முள், அதற்குச் சொல்லும்படி எடையே கிடையாது. அதைச் சுமந்து போவது லைனின் எடைதான். பெட்டியில் போட்டிருக்கும் எண் லைனின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்று சொல்கிறது: 5-ஆம் எண் 140 கிரெயின் (9 கிராம்), 8-ஆம் எண் 210 கிரெயின் (13.6 கிராம்). ராடிலும் அதே எண் இருக்க வேண்டும். 8 ராடில் 5 லைன் போட்டால் ராடு வளையாது; லைன் முன்னால் குவிந்து விழும்.

எந்த மீன் என்று முதலில் முடிவு பண்ணுங்க. மீன் ஃப்ளையின் அளவைத் தீர்மானிக்கும், ஃப்ளை லைனை, லைன் ராடை. ஏரி ஜிலேபி, சின்னக் கெண்டை என்றால் 9 அடி ராடு, 5-ஆம் எண், முன்பக்கம் கனத்த மிதக்கும் லைன். அந்த மீனுக்கு ரீல் வெறும் லைன் சுற்றி வைக்கும் உருளை. கையாலேயே லைனை இழுத்து மீனைக் கொண்டுவந்துவிடலாம். விலை உயர்ந்த டிராக் (மீன் இழுக்கும்போது ரீலைத் தடுக்கும் பிரேக்) வீண்.

இன்னொன்று, வெப்பநாட்டு லைன் என்று கேட்டு வாங்குங்க. குளிர்நாட்டு டிரௌட் லைன் நம்ம சித்திரை வெயிலில் இளகி, ராடு வளையங்களில் ஒட்டும்.

கேள்வி (மேட்டூர்): அண்ணா, அதே 5 செட்டில் விரால் பிடிக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. விராலுக்குப் போடும் தவளை பாப்பர் (தண்ணீர்மேல் மிதந்து சத்தம் போடும் ஃப்ளை) பெருசு, காற்றில் தடுக்கும். 5-ஆம் எண் லைன் அதைத் திருப்பிப் போடாது. கடித்தவுடன் விரால் பாசிக்குள் புகும், அங்கே இழுத்து நிறுத்த 8-ஆம் எண் ராடின் முதுகு வேண்டும். லீடர் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பு) 6 அடி போதும்; நுனியில் 30 பவுண்டு ஃப்ளூரோகார்பன் ஒரு சாண் கட்டுங்க, பல் அறுக்காது. பாசி மாட்டாத முள்காப்பு உள்ள ஃப்ளையாகப் பாருங்க.

குஞ்சுக் கூட்டத்தோடு சுற்றும் விராலுக்குத் தூண்டில் போடவே கூடாது. தாயும் தகப்பனும் காவல் இல்லாவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

கேள்வி (எடப்பாடி): காவிரியில் மஹ்சீருக்கு?

பதில்: 8 அல்லது 9. இங்கேதான் நல்ல டிஸ்க் டிராக் ரீலுக்குச் செலவு செய்யணும். ஃப்ளை லைன் 27 மீட்டர்தான், அது ஒரே ஓட்டத்தில் தீர்ந்துபோகும். பின்னால் 20 பவுண்டு பேக்கிங் (ரீலில் லைனுக்கு அடியில் சுற்றும் கூடுதல் நூல்) குறைந்தது 150 மீட்டர் சுற்றுங்க. காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் 2018-இல் உலகச் சிவப்புப் பட்டியலில் மிக ஆபத்தான நிலையில் சேர்க்கப்பட்ட மீன். அதனால் முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைப் பிளையரால் நசுக்கிவிட்டுத்தான் போடணும், மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விடணும். மீன்வளத்துறை அனுமதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்க. அணையில் தண்ணீர் திறக்கும் நாட்களில் ஆற்றுக்குள் இறங்காதீங்க, மட்டம் திடீரென்று ஏறும்.

கேள்வி (ஓமலூர்): டிப்பெட்டில் 4எக்ஸ், 2எக்ஸ் என்கிறார்களே, எப்படிக் கணக்கு?

பதில்: டிப்பெட் என்பது லீடரின் நுனியில் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நரம்பு. 11-இலிருந்து அந்த எண்ணைக் கழியுங்க. 4எக்ஸ் என்றால் 7. அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 7 பங்கு, 0.18 மி.மீ. எண் கூடக் கூட நரம்பு மெல்லிசு. முள் எண்ணை 3-ஆல் வகுத்தால் ஏறத்தாழப் பொருத்தமான எக்ஸ் வரும்: 12-ஆம் எண் முள்ளுக்கு 4எக்ஸ்.

கேள்வி (ஓமலூர், அவரே): மீன் மாட்டியதும் அறுந்துபோகிறது. நரம்பு மோசமா?

பதில்: அறுந்த நுனியைப் பாருங்க. பன்றிவால் மாதிரிச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்கணும். உலர்ந்த நிலையில் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நைலான் பலவீனமாகும். நுனி சொரசொரப்பாக இருந்தால் பாறையோ பல்லோ. மீனே கடிக்காமல் ஃப்ளை மட்டும் காணாமல் போனால் வீச்சில்தான் தப்பு: பின்னால் லைன் நீளும் முன்பே முன்னால் அடிக்கிறீங்க. சாட்டைச் சத்தம் கேட்டால் அதுதான்.

கேள்வி (ஏற்காடு): லைன் சீக்கிரம் வெடித்துப்போகிறது. ஏன்?

பதில்: கொசுக் களிம்பில் டீட் (கொசு விரட்டும் ரசாயனம்) இருந்தால் அது லைன் பூச்சைக் கரைக்கும். தடவினால் உள்ளங்கையைச் சோப்பால் கழுவிவிட்டு லைனைத் தொடுங்க. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வைக்காதீங்க.

கேள்வி (ஆத்தூர்): என் மகளுக்குப் 12 வயசு. கற்றுக்கொடுக்கலாமா சார்?

பதில்: தாராளமா அம்மா. எட்டரை அடி, 5-ஆம் எண் ராடு அவளுக்குக் கனக்காது. முதலில் புல்தரையில், முள் இல்லாமல் லீடர் நுனியில் ஒரு கம்பளி நூல் கட்டிப் பழகட்டும். மரம் நெருங்கிய இடத்துக்கான ரோல் காஸ்ட்டை (லைனைப் பின்னால் நீட்டாமல் முன்னால் உருட்டிப் போடும் வீச்சு) மட்டும் தண்ணீரில்தான் பழகணும். லைனைத் தண்ணீர் பிடித்து வைக்காவிட்டால் அது சுருண்டு வராது. முள் கட்டிய நாளிலிருந்து கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், அதனால் மின்கம்பிக்குக் கீழேயும் இடி மின்னலிலும் ராடை எடுக்கவே விடாதீங்க.