மாணவர்களுடனான ஆலோசனை அமர்வை எப்படி முடிப்பது?

கல்லூரியில் புதிதாக மாணவர் ஆலோசகராகச் சேர்ந்திருக்கும் நீங்கள், நேரம் முடிந்துவிட்டது என்று சொன்னாலே விரட்டுவது போல் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு பொறியியல் கல்லூரியில் நானும் இதே வேலையில்தான் இருக்கிறேன். கடைசி நிமிடத்தில் சொன்னால் அப்படித்தான் இருக்கும். மாணவர் உட்கார்ந்ததுமே, "நமக்கு 50 நிமிடம் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். சுவர்க் கடிகாரம் இருவர் கண்ணிலும் படட்டும். நீங்கள் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தால், பேசிக்கொண்டிருக்கும் பிள்ளை சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். முடிய பத்து நிமிடம் இருக்கும்போது, "இன்று சொல்லியே ஆக வேண்டியது ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

இந்தக் கேள்வியை ஒருநாளும் தவறவிடாதீர்கள். அரியரைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, பையைத் தோளில் மாட்டி, செருப்பைத் தேடும்போதுதான் சிலர், "மேடம், எதற்கு உயிரோடு இருக்கிறோம் என்று தோன்றுகிறது" என்பார்கள். அப்போது கடிகாரத்தை மறந்துவிடுங்கள். மறுபடி உட்காரவைத்து, தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆபத்து தெரிந்தால் தனியாக அனுப்பாதீர்கள்; மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக உடனே ஏற்பாடு செய்யுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனஸ் எண் 14416 அவர் கைப்பேசியில் பதிவாகட்டும்.

காதல் முறிவு, வீட்டுச் சண்டை போன்றவை கடைசியில் வந்தால், "நல்லவேளை சொன்னீர்கள், அடுத்த முறை இதிலிருந்தே தொடங்குவோம்" என்று அவர் முன்னாலேயே குறித்துக்கொள்ளுங்கள். சொன்னபடி அதிலிருந்தே தொடங்கவும் வேண்டும்.

அன்று பேசியதைத் தொகுத்துச் சொல்வது மாணவராகவே இருக்கட்டும். நம்மில் பலர் ஆசிரியர்களாகவும் இருப்பதால், கடைசி ஐந்து நிமிடத்தில் அறிவுரை தானாக வந்துவிடுகிறது. அதை அடக்கிக்கொண்டு, "இன்று பேசியதில் எது மனதில் நிற்கிறது?" என்று கேட்டால் போதும். அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதும் அவர் வாயிலிருந்து வர வேண்டும். "இனி ஒழுங்காகப் படிக்கிறேன்" என்பதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. "வியாழக்கிழமை மதிய இடைவேளையில் துறைத் தலைவரைப் பார்க்கிறேன்" என்றால் அது நடக்கும்.

அழுதவர்களை அப்படியே வெளியே அனுப்பாதீர்கள். அறைக்கு வெளியே வராந்தாவில் வகுப்புத் தோழர்கள் நிற்பார்கள். தண்ணீர் கொடுத்து, "இப்போது வகுப்புக்கா, விடுதிக்கா?" என்று கேட்டு, முகம் கழுவிக்கொள்ள நேரம் கொடுங்கள்.

இறுதியாண்டு மாணவர்களிடம், இன்னும் இரண்டு மூன்று சந்திப்புகள்தான் இருக்கின்றன என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். மற்றவர்களிடம் "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். கூச்சப்படும் பிள்ளைகள் வரவே மாட்டார்கள். தேதியையும் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள்.